பக்கத்தில் நிற்பவரின் கடுஞ்சொல்

ஞாயிறுதோறும் நம் ஆலயத்தில் அதிகாலைத் திருப்பலிக்கு வருவோருள் பலர் கடைகளில் வேலை பார்ப்பவர்கள். துணிக்கடைகளில் ஞாயிறன்றுதான் கூட்டம் மிகுதி. ஆகையால் பாடற்குழு பாடும் எட்டு மணித் திருப்பலி அவர்களுக்குக் கிட்டுவதில்லை. அவர்களுள் ஓர் இளம்பெண், சென்ற தவக்காலத்தில் ஒரு நாள் பூசை முடிந்ததும் நம்மிடம் வந்து, "இது பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியதா, வேண்டாததா என்றே எனக்குத் தெரியவில்லை" என்று தொடங்கி ஒரு செய்தியைக் கூறினார். அவருடைய இசைவு பெற்று, பெயரையும் கடையையும் விலக்கி, அதை இங்கே எழுதுகிறோம்.

அவர் நிற்பது மீட்டர் கணக்கில் துணி வெட்டிக் கொடுக்கும் பகுதி. அங்கே அவரோடு நிற்பவர் பதினைந்து ஆண்டுகளாக அதே கடையில் இருக்கும் ஒரு மூத்த பெண்மணி. வேலையில் கெட்டிக்காரர், கண்ணால் பார்த்தே இது எத்தனை மீட்டர் என்று சொல்லிவிடுவார். ஒரு மாலை, கிராமத்திலிருந்து ஒரு தாய் தம் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மகளுக்குப் புதுநன்மை. கவுன் தைக்க வெள்ளைத் துணி வேண்டும். ஒன்றைக் காட்டினார்கள், விலையைக் கேட்டு, "இதைவிடக் குறைச்சலா இருக்கா?" என்றார். இன்னொன்று, பிறகு இன்னொன்று. நான்காவது துணிக்கட்டை விரித்தபோது மூத்த பெண்மணிக்குப் பொறுமை போய்விட்டது.

"காசு எவ்வளவு இருக்குன்னு எண்ணிப் பார்த்துட்டு வாம்மா. வாங்க வந்தியா, கடையைக் கலைக்க வந்தியா?"

அந்தத் தாய் பதில் பேசவில்லை. விரித்த துணியைத் தாமே ஒரு முறை நீவி மடித்து வைத்துவிட்டு, மகளை அழைத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார்.

"நான் ஒன்றுமே சொல்லவில்லை. பேசாமல் நின்றேன். அதுவும் பாவமா?" என்பதே அப்பெண் நம்மிடம் கேட்ட கேள்வி.

நாம் உடனே விடை சொல்லிவிடவில்லை. ஏனெனில் இது அவர் ஒருவருடைய கேள்வியன்று. வங்கியில், மருந்துக் கடையில், மருத்துவமனைச் சீட்டுப் பதியும் இடத்தில், பேருந்தில் என, பொதுமக்களோடு பழகும் வேலையில் உள்ள எவருக்கும் என்றாவது இது நேர்ந்திருக்கும். கடுஞ்சொல் கேட்டு மனம் நொந்தவரைப் பற்றிப் பேசுகிறோம். கடுஞ்சொல் சொன்னவரைப் பற்றியும் பேசுகிறோம். பக்கத்து இருக்கையில் தலையைக் குனிந்துகொண்டு ஏட்டைப் புரட்டுபவரை யாரும் எண்ணுவதில்லை.

யாகப்பர் தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில் ஒரு காட்சியை வரைகிறார். பொன் மோதிரம் அணிந்த ஒருவனும் அழுக்குத் துணி உடுத்த ஏழை ஒருவனும் சபைக்குள் வருகிறார்கள். செல்வனுக்கு நல்ல இருக்கை. ஏழைக்கு நிற்க இடம். துணிக்கடையில் நிற்போருக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. பட்டுச் சேலைப் பகுதியில் நாற்காலியும் குளிர்பானமும்; வெட்டுத்துணிப் பகுதியில் எரிச்சல். இருபது சேலைகளை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் எடுக்காமல் எழுந்து போகும் சீமாட்டியிடம் அந்த மூத்த பெண்மணி ஒருநாளும் இப்படிப் பேசியதில்லையாம். இதை அப்பெண்ணே சொன்னார். ஆகவே இது வெறும் முன்கோபமன்று. கோபம் ஆளைப் பார்த்து வருகிறது. இந்தச் செய்தியில் நம்மை மிகவும் உறுத்தியது அதுவே.

ஆயினும் மறுபக்கத்தையும் நேர்மையோடு பார்க்க வேண்டும். காலை கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை நின்றே கழிக்கும் கால்கள் அவருடையவை. வாங்குபவர் விரித்துப் பார்த்துவிட்டுப் போன ஒவ்வொரு துணியையும் மீண்டும் சுருட்டி அடுக்குவதும் அவரே. கடைப் பணியாளருக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்ற விதி கேரளத்தில் 2018-இலும், நம் தமிழ்நாட்டில் 2021-இலும் சட்டத்திருத்தத்தின் வழியாகவே வந்தது. மனிதர் கால் வலித்தால் சற்று உட்காரலாம் என்பதைச் சட்டம் போட்டுச் சொல்ல வேண்டியிருந்தது! இப்பெண் வேலை பார்க்கும் தளத்தில் இரண்டு முக்காலிகள் இருக்கின்றனவாம். மேற்பார்வையாளர் கண்ணெதிரே அவற்றில் உட்காரும் துணிவு எவருக்கும் இல்லையாம். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி எழுதிய சுற்றுமடலில், உழைப்பு மனிதருக்காக உள்ளதேயன்றி மனிதர் உழைப்புக்காக அல்லர் என்ற கருத்தை வலியுறுத்தினார். அதை மறந்த இடத்தில், மேலிருந்து கீழே இறங்கும் கடுமை கடைசியில் கையில் காசு குறைந்தவர் தலையில் வந்து விழுகிறது. இது விளக்கம், மன்னிப்புச் சீட்டன்று. கால் வலி அந்தத் தாய்க்கும் இருந்திருக்கும்.

இனி அப்பெண்ணின் கேள்விக்கு வருவோம். ஞான உபதேசத்தில் நாம் படித்த ஆன்ம சம்பந்தமான இரக்கச் செயல்கள் ஏழில், தவறு செய்வோரைத் திருத்துவதும் ஒன்று. பிறர் செய்யும் தீங்கைப் பொறுத்துக்கொள்வதும் ஒன்று. எப்பொழுது எதைச் செய்வது? புனித அக்குவினோ தோமையார், சகோதரரைத் திருத்துவது அன்பின் செயல் என்று வகைப்படுத்துகிறார். மேலும் ஒரு நுட்பமான வேறுபாடும் காட்டுகிறார். இப்பொழுது சொன்னால் அவர் இன்னும் கெட்டுப்போவார், தக்க வேளை வரட்டும் என்று அன்பினால் காத்திருந்தால் அந்த மௌனம் புண்ணியமாகலாம். பிறர் நம்மை என்ன நினைப்பாரோ, நமக்கு என்ன கேடு வருமோ என்ற அச்சம் அன்பை மீறி வாயை அடைத்தால், அது குற்றமே. நாம் அப்பெண்ணிடம் கேட்டது இதைத்தான்: "அன்று உன் வாயை மூடியது எது?"

சிறிது நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், "பயம்தான். அந்த அக்கா என்னிடம் ஒரு மாதம் பேசமாட்டார்கள்" என்றார்.

இந்த நேர்மை நமக்குப் பிடித்திருந்தது. பாவசங்கீர்த்தனத்தில் அவர் என்ன சொன்னார் என்பது அவருக்கும் இறைவனுக்கும் உரியது. கடையில் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சேர்ந்து எண்ணிப் பார்த்தோம்.

வாங்க வந்தவர் முன்னிலையில் மூத்தவரைக் கண்டிப்பது கூடாது. அது ஓர் அவமானத்தோடு இன்னோர் அவமானத்தைச் சேர்ப்பதாகும். அதன் பலனும் அடுத்து வரும் ஏழையின் மேலேயே விழும். அந்த நொடியில் செய்யக்கூடியது எளியது: இரண்டு அடி நகர்ந்து, "அக்கா, நீங்க அந்தப் பில்லைப் பாருங்க, இவங்களுக்கு நான் காட்டுறேன்" என்று இடையில் புகுவது. ஐந்தாவது துணிக்கட்டையும் ஆறாவதையும் விரிப்பது. வேறு ஒன்றும் முடியாவிட்டாலும், படியிறங்குபவரின் பின்னே போய், "அம்மா, மனசுல வச்சுக்காதீங்க" என்றாவது சொல்வது.

பிறகு தனியே பேசுவது. மத்தேயு நற்செய்தி பதினெட்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் கற்பித்த வரிசை நாம் அறிந்ததே: முதலில் அவரிடம் தனிமையில், கேளாவிட்டால் ஓரிருவரோடு, அதற்கும் கேளாவிட்டால் சபையிடம். நாம் செய்வதோ பெரும்பாலும் தலைகீழ். சாப்பாட்டு அறையில் எல்லோரிடமும் சொல்லுகிறோம், வீட்டில் சொல்லுகிறோம், முதலாளியின் காதிலும் போடுகிறோம். சம்பந்தப்பட்டவர் மட்டும் கடைசியில் யார் வாயிலாகவோ அறிந்துகொள்கிறார். (பங்குப் பேரவைகளிலும் பக்தசபைகளிலும் இதுவே வழக்கமாயிற்றே என்று வாசகர் முணுமுணுப்பது நமக்குக் கேட்கிறது.)

தனியே பேசும்போது அவருடைய குணத்தைப் பற்றிப் பேசலாகாது. நடந்ததைப் பற்றிப் பேச வேண்டும். "நீங்க எப்பவுமே இப்படித்தான்" என்பது சண்டைக்கு அழைப்பு. "அன்னைக்கு அந்தப் பிள்ளை உங்க முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னுச்சு, அக்கா" என்பது செய்தி. மேலிடத்துக்குச் சொல்வது காட்டிக்கொடுப்பதா என்றும் அப்பெண் கேட்டார். ஒரு புகாரால் ஒரு குடும்பத்தின் அடுப்பு அணையக்கூடும் என்பதால் அதை எளிதாக எண்ணுவதற்கில்லை. ஆனால் சொல்லியும் கேளாமல், எளியவர் நாள்தோறும் அவமதிக்கப்பட்டால், அவரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டு மேலே சொல்வதில் துரோகம் இல்லை என்றோம்.

உயிர்ப்புப் பெருவிழா கழிந்து இரண்டாம் வாரம் அப்பெண் மீண்டும் வந்தார். பேசியிருக்கிறார். மூத்த பெண்மணி முதலில், "நேத்து வந்தவ எனக்குப் புத்தி சொல்றியா?" என்று சீறினாராம். அப்பெண் அஞ்சியபடியே பேச்சு நின்றது. ஒரு மாதம் அன்று, நான்கு நாள். ஐந்தாம் நாள் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, தம் கால் நரம்புகள் புடைத்திருப்பதையும், மாலை ஐந்து மணிக்கு மேல் எவர் முகத்தைப் பார்த்தாலும் எரிச்சல் வருவதையும் அவரே சொன்னாராம். இப்பொழுது ஐந்து மணிக்குப் பின் இளையவர் துணி காட்டுகிறார். மூத்தவர் முக்காலியில் அமர்ந்து அளந்து வெட்டுகிறார். மேற்பார்வையாளர் ஒரு முறை முறைத்துப் பார்த்தார், இருவரும் எழுந்திருக்கவில்லை. கடுஞ்சொல் முற்றிலும் நின்றுவிடவில்லை. "வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு வந்துடுது. வந்தா நான் பக்கத்துல போய் நின்னுக்கிறேன்" என்றார்.

அந்தத் தாய் அப்புறம் அக்கடைக்கு வரவில்லை. நம் பங்கில் புதுநன்மை நடந்த ஞாயிறன்று, கடைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும், வெள்ளை உடுத்து வரிசையில் வந்த பிள்ளைகளின் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு அப்பெண் ஆலய வாசலில் நின்றார். அந்தச் சிறுமி அவர்களுள் இல்லை.