வெளியேறிய பெண்ணைப் பின்தொடரும் அலைபேசி

குடும்ப வன்முறையிலிருந்து தப்பி வெளியேறும் பெண், மாற்றுத் துணி, கல்விச் சான்றிதழ்கள், கைக்குக் கிடைத்த பணம் ஆகியவற்றோடு அலைபேசியையும் எடுத்துச் செல்கிறார். உதவி கேட்பதற்கு அவரிடம் இருக்கும் வழி அதுதான். அவர் இருக்கும் இடத்தைத் தேடுவோருக்குச் சொல்லிவிடக்கூடிய கருவியும் அதுவே. ஆகவே, இணையத் தனியுரிமையை வசதி படைத்தோரின் கவலை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. வெளியேறிய பெண்ணுக்கு, தன் முகவரி பிறர் அறியாதிருப்பதே உயிர்ப் பாதுகாப்பு.

தேடுவோர் யார்? பெரும்பாலும் கணவர். சாதி மறுப்புத் திருமணம் செய்துகொண்ட பெண்ணையோ தந்தையும் உடன்பிறந்தோரும் உறவினரும் தேடுகின்றனர். குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005, இரத்த உறவையும் குடும்ப உறவாகவே வரையறுக்கிறது. எனவே, பிறந்த வீட்டில் அடித்து அடைத்துவைக்கப்பட்ட மகளும் இச்சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்புக் கோரலாம்.

அகமணமே சாதியின் அடிப்படை என்பதையும், அதைக் காக்கவே பெண்கள்மீது கொடிய கட்டுப்பாடுகள் சுமத்தப்பட்டன என்பதையும் 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த கட்டுரையில் அம்பேத்கர் விளக்கினார். அந்தக் கண்காணிப்பு இன்று அலைபேசிக்குள்ளும் நுழைந்திருக்கிறது. கணவர் தனி ஆளாகத் தேடலாம். சாதி கூட்டமாகத் தேடுகிறது. வங்கியிலோ அலைபேசிக் கடையிலோ காவல் நிலையத்திலோ சொந்தச் சாதிக்காரர் ஒருவர் இருந்தால், ஒரு தகவல் கசிவதற்கு அதுவே போதும்.

அலைபேசி எவ்வாறு காட்டிக்கொடுக்கிறது? உழைக்கும் குடும்பங்கள் பலவற்றில் மனைவியின் சிம் அட்டை கணவர் பெயரில் இருக்கிறது. அதற்கு மாற்று அட்டை வாங்க அவரால் இயலும். வாங்கிவிட்டால், மனைவிக்கு வரவேண்டிய ஓடிபி எண்கள் அவரைச் சென்றடையும். அலைபேசி வாங்கிய அன்று கணவரோ அண்ணனோ உருவாக்கித் தந்த கூகுள் கணக்கு இன்னும் அதில் இருக்குமானால், கடவுச்சொல் அறிந்தவர் வேறொரு கருவியிலிருந்தே அது இருக்கும் இடத்தைக் காண முடியும். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் பிறருடைய கணினி இருந்தால், உரையாடல்கள் அங்கும் தோன்றும். கூட்டு வங்கிக் கணக்கின் அறிக்கை, பணம் எடுத்த ஊரைக் காட்டிவிடலாம். ஆதாருடன் கணவரின் எண் இணைந்திருந்தால், ஆதார்வழி ஓடிபி கேட்கும் சேவைகளின் செய்தி அவருக்கே போகும்.

இவற்றை அறிந்தவுடன் அனைத்தையும் மாற்றிவிடுமாறு அறிவுறுத்துவது ஆபத்தானது. அப்பெண் இன்னும் அதே வீட்டில் இருக்கும்போது கடவுச்சொற்கள் திடீரென மாறினால், வெளியேறும் எண்ணம் வெளிப்பட்டு வன்முறை கூடக்கூடும். முதற்படி, தேடுவோரின் கை படாத வேறோர் அலைபேசி. நம்பகமான தோழி ஒருவருடையதாகவும் அது இருக்கலாம். புதிய மின்னஞ்சல் கணக்கை அதில் தொடங்கி, மிரட்டல் செய்திகளையும் குரல் பதிவுகளையும் எண், தேதி தெரியும்படி அங்கே சேமிக்க வேண்டும். வெளியேறிய பிறகு பழைய அலைபேசியை அணைத்துவைக்கலாம்; அதிலுள்ளவற்றை அழித்துவிடக் கூடாது. அது சான்று. வேறு வங்கியில் தனிக் கணக்கும், ஆதாரில் புதிய எண்ணும் அடுத்த படிகள். ஆதார் சேவை மையத்தில் கைரேகையைக் கொண்டு எண்ணை மாற்றிக்கொள்ளலாம். பெண்கள் உதவி எண் 181ஐ வீட்டிலிருந்தே அழைத்திருந்தால், அழைப்புப் பட்டியலிலிருந்து அதை நீக்குவது நல்லது.

சட்டம் ஓரளவு துணைநிற்கிறது. பெண்ணின் இணையப் பயன்பாட்டையோ மின்னஞ்சலையோ ஓர் ஆண் கண்காணிப்பது, பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்படி பின்தொடர்தல் குற்றம். முதல்முறை 3 ஆண்டுகள் வரை சிறை. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 18ஆம் பிரிவின்கீழ், தொலைபேசி வழியாகவோ மின்னணு வழியாகவோ தொடர்புகொள்வதை நீதித்துறை நடுவர் தடை செய்யலாம். அதை மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அதே சட்டத்தில் நாம் கவனிக்க வேண்டிய கண்ணியும் ஒன்று உண்டு. குடும்ப நிகழ்வு அறிக்கைப் படிவம், பாதிக்கப்பட்டவரின் தற்போதைய முகவரியைக் கேட்கிறது. தற்காலிகமாகத் தங்கியுள்ள ஊரிலேயே வழக்குத் தொடுக்க 27ஆம் பிரிவு இடமளிக்கிறது. ஆனால், அவ்வாறு தொடுத்தால் ஊர் எதுவென்பது எதிர்த்தரப்புக்குத் தெரிந்துவிடும். வன்முறை நிகழ்ந்த இடத்திலும் வழக்குத் தொடுக்கலாம் என்பதால், எது பாதுகாப்பு என்பதை வழக்கறிஞருடன் முன்கூட்டியே பேச வேண்டும். பாதிக்கப்பட்டவர் கேட்டுக்கொண்டால், அவரைப் பற்றிய விவரத்தைக் காப்பகம் வெளியிடக் கூடாது என்று விதிகள் கூறுகின்றன. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழும் வழக்கு இருக்குமானால், 15அ பிரிவின்படி சாட்சிகளின் பெயரையும் முகவரியையும் மறைக்குமாறு சிறப்பு நீதிமன்றத்தைக் கோரலாம்.

அரசின் நடைமுறையே முகவரியை அம்பலப்படுத்துவதும் உண்டு. 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி, மணமக்களின் விவரங்கள் அடங்கிய அறிவிப்பு 30 நாள் ஆட்சேபக் காலத்துக்காகத் திருமணப் பதிவு அலுவலகத்தில் ஒட்டப்படுகிறது. கேரளத்தில் இவ்வறிவிப்புகள் பதிவுத்துறையின் இணையதளத்திலும் வெளியாகிவந்தன. மதவெறியர்கள் அவற்றை எடுத்து வாட்ஸ்அப்பில் பரப்பியதால், 2020இல் அம்மாநில அரசு இணையத்தில் வெளியிடுவதை நிறுத்தியது. அலுவலகச் சுவரில் ஒட்டும் வழக்கமோ நீடிக்கிறது.

இறுதியாக, நம்மைப் பற்றி. இணையர் காவல் நிலையத்தில் தஞ்சமடைந்த ஒளிப்படத்தையும் முதல் தகவல் அறிக்கையின் நகலையும் ஆதரவு திரட்டும் ஆர்வத்தில் நாமே பகிர்ந்துவிடுகிறோம். முகவரியும் கைபேசி எண்ணும் படத்தின் பின்னணியில் தெரியும் கடைப் பலகையும் பகைவரின் கைகளுக்கும் போய்ச் சேருகின்றன. பகிருமுன் அப்பெண்ணிடம் கேட்போம். அவர் வேண்டாமென்றால் பகிராதிருப்போம். வேண்டுமென்றாலும் முகவரியையும் எண்ணையும் மறைத்தே பகிர்வோம். அநீதியை உரக்கச் சொல்வது நம் கடமை. தஞ்சம் தேடி வந்தவர் எங்கிருக்கிறார் என்பதைச் சொல்லாதிருப்பதும் நம் கடமையே.