‘நீங்க இங்க இருந்தா கப்பலை யார் ஓட்டுறாங்க?’ - க்ரூஸ் கேப்டனிடம் பயணிகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்!

க்ரூஸ் கப்பல்களில் ஒரு வழக்கம் உண்டு. பயணத்தின் ஏதோ ஓர் இரவில், வெள்ளை யூனிஃபார்ம், தோளில் நான்கு தங்கப் பட்டைகள் சகிதம் கேப்டன் பயணிகளைச் சந்திக்க வருவார். கைகுலுக்கல், செல்ஃபி எல்லாம் முடிந்ததும் கூட்டத்தில் ஒருவராவது அந்தக் கேள்வியைக் கேட்காமல் விடமாட்டார்: “கேப்டன், நீங்க இங்க இருந்தா கப்பலை யார் ஓட்டுறாங்க?”

கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன ஜோக்தான். ஆனா, கேள்வி நியாயமானது. 2024 ஜனவரியில் மயாமியிலிருந்து முதல் பயணம் கிளம்பிய ‘ஐகான் ஆஃப் தி சீஸ்’ கப்பலையே எடுத்துக்கோங்க. நீளம் சுமார் 365 மீட்டர். 20 தளங்கள். அதிகபட்சம் 7,600 பயணிகள், 2,350 ஊழியர்கள். கிட்டத்தட்ட பத்தாயிரம் பேர் வசிக்கும் ஒரு ஊர், கடல்மேல் நகர்ந்துகொண்டே இருக்கிறது. அத்தனை பேருக்கும் ஒரே ஒருவர் பொறுப்பு.

நமக்கும் இது தூரத்துச் சமாசாரம் இல்லை. 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘எம்பிரஸ்’ சொகுசுக் கப்பலின் பயணத்தை முதல்வர் ஸ்டாலின் தொடங்கிவைத்தார். அடுத்த ஆண்டே அந்தக் கப்பல் இலங்கையின் காங்கேசன்துறை வரை போய்வந்தது. கப்பலில் போய்வந்தவர்கள், போகத் திட்டமிடுபவர்கள், ரீல்ஸில் மட்டும் பார்ப்பவர்கள்... எல்லோருக்கும் இருக்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

சரி, கப்பலை நிஜமாவே ஓட்டுவது யார்?

பெரும்பாலான நேரம் கேப்டன் இல்லை. கப்பலின் கட்டுப்பாட்டு அறையான ‘பிரிட்ஜ்’ 24 மணி நேரமும் இயங்கும். அங்கே அதிகாரிகள் ஷிஃப்ட் முறையில் வேலை பார்ப்பார்கள். பாரம்பரியமான கணக்கு, நான்கு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு. நடுக்கடலில் கப்பலைப் பாதையில் வைத்திருப்பது ஆட்டோபைலட். ஆனாலும் ரேடார், மின்னணு வரைபடம், ஜன்னலுக்கு வெளியே இருக்கும் கடல் மூன்றையும் மனிதக் கண்கள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பது விதி.

கேப்டனுக்கு ஷிஃப்ட் கிடையாது. கேட்க ஜாலியா இருக்கும். அதன் அர்த்தம், எந்த நேரமும் டியூட்டிதான். துறைமுகத்துக்குள் நுழையும்போது, வெளியேறும்போது, பனிமூட்டத்தில், குறுகலான கடல்பாதையில் அவர் பிரிட்ஜில் இருப்பார். தூங்கப்போகும் முன் அன்றைய இரவுக்கான உத்தரவுகளை எழுதிவைத்துவிட்டுப் போவார். அதன் சாரம் எல்லாக் கப்பல்களிலும் ஒன்றுதான்: சந்தேகம் வந்தால் யோசிக்காதே, என்னை எழுப்பு.

சினிமாவில் பார்க்கும் பெரிய மரச் சக்கரத்தையும் மறந்துடுங்க. நவீன க்ரூஸ் கப்பல்கள் பலவற்றில், அடிப்பகுதியில் 360 டிகிரி திரும்பும் உந்துவிசைப் பொறிகள் இருக்கின்றன. இருபது மாடிக் கட்டடம் போன்ற ஒன்றை ஜாய்ஸ்டிக்கை வைத்துப் பக்கவாட்டில் நகர்த்தி, துறைமுகத்தில் அணைக்கிறார்கள்.

துறைமுகத்தில் ஒரு ‘பைலட்’ ஏறுகிறாரே, அவர் யார்?

அந்தத் துறைமுகத்தின் ஆழம், நீரோட்டம், மணல் திட்டு எல்லாம் அத்துப்படியான உள்ளூர் நிபுணர். சிறிய படகில் வந்து, கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் ஏணியில் ஏறி வருவார். சென்னை உட்பட உலகின் பெரிய துறைமுகங்களில் இதுதான் நடைமுறை.

ஆனால், பைலட் வழிகாட்டினாலும் பொறுப்பு கேப்டனுடையதுதான். பைலட் சொல்வது ஆபத்து என்று தோன்றினால் கேப்டன் குறுக்கிட வேண்டும். பிரபலமான விதிவிலக்கு பனாமா கால்வாய். அங்கே கப்பலைச் செலுத்தும் அதிகாரம் கால்வாய் பைலட்டின் கைக்கே போய்விடும்.

கேப்டனின் ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலையில் துறைமுகம் என்றால், விடியும் முன்பே பிரிட்ஜில் இருக்க வேண்டும். கப்பல் கட்டப்பட்டதும் துறைமுக அதிகாரிகள், ஆவணங்கள். பிறகு மீட்டிங். அவருக்கு அடுத்த நிலையில் ஸ்டாஃப் கேப்டன், இன்ஜின்களுக்குச் சீஃப் இன்ஜினீயர், அறை, உணவு, பொழுதுபோக்குக்கு ஹோட்டல் டைரக்டர் எனத் தனித்தனித் தலைவர்கள் இருப்பார்கள். எல்லாக் கோப்பும் கடைசியில் வந்து சேரும் மேசை கேப்டனுடையது. நடுவே தீயணைப்புப் பயிற்சி, லைஃப் போட் பயிற்சி, மைக்கில் பயணிகளுக்கு அறிவிப்பு. மாலையில் மறுபடி கப்பல் கிளம்பும், மறுபடி பிரிட்ஜ். இதற்கெல்லாம் நடுவில்தான் அந்த செல்ஃபி.

தூக்கம்? சர்வதேசக் கடல்சார் தொழிலாளர் விதிகளின்படி, கப்பல் பணியாளர்களுக்கு 24 மணி நேரத்தில் குறைந்தது 10 மணி நேரமும், வாரத்துக்கு 77 மணி நேரமும் ஓய்வு வேண்டும். அவசரநிலை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் தள்ளிப்போகும்.

கேப்டன் குடிப்பாரா?

பார்ட்டியில் அவர் கையில் கிளாஸ் இருக்கலாம். அதில் இருப்பது பெரும்பாலும் ஜூஸ் அல்லது சோடா. பாதுகாப்புப் பணியில் இருப்பவர்களின் ரத்தத்தில் ஆல்கஹால் 0.05 சதவிகிதத்தைத் தாண்டக் கூடாது என்பது சர்வதேச வரம்பு. பல நிறுவனங்களின் சொந்த விதி இதைவிடக் கறார்.

கேப்டன் கல்யாணம் பண்ணிவைக்க முடியுமா?

முடியும். ஆனா எல்லாக் கப்பலிலும் இல்லை. கப்பல் எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ, அந்த நாட்டுச் சட்டம்தான் தீர்மானிக்கும். பெர்முடா சட்டம் அனுமதிக்கிறது. பிரிட்டன் சட்டம் அனுமதிக்கவில்லை. பிரிட்டனின் பழம்பெரும் நிறுவனமான குனார்ட் 2011-ல் தன் கப்பல்களை பெர்முடா பதிவுக்கு மாற்றியபோது, சொன்ன காரணங்களில் ஒன்று கல்யாணம்!

குடும்பத்தைப் பார்ப்பது எப்போது? பெண் கேப்டன்கள் இருக்கிறார்களா?

க்ரூஸ் கேப்டன்கள் பலருக்கு மூன்று மாதம் கப்பல், மூன்று மாதம் வீடு என்ற சுழற்சி. சமையலறையிலும் அறைப் பராமரிப்பிலும் இருக்கும் ஊழியர்களுக்கு இந்தச் சொகுசு இல்லை. தொடர்ந்து ஆறு முதல் ஒன்பது மாதம் வரை கடலில்தான்.

பெண்கள் இருக்கிறார்கள். ஆனால், வரத் தாமதமானது. ஒரு பெரிய க்ரூஸ் கப்பலுக்குப் பெண் கேப்டன் கிடைத்ததே 2007-ல்தான். ‘மோனார்க் ஆஃப் தி சீஸ்’ கப்பலுக்குத் தலைமையேற்ற ஸ்வீடனின் காரின் ஸ்டாரே யான்சன் அவர். 2015-ல் ‘செலிப்ரிட்டி சம்மிட்’ கப்பலின் கேப்டனான கேட் மெக்கியூ, பிரமாண்ட க்ரூஸ் கப்பலை நடத்திய முதல் அமெரிக்கப் பெண். கப்பலில் தன்னோடு வாழ்ந்த பூனையையும் சேர்த்து வீடியோக்களால் உலகம் முழுக்கப் பிரபலமானவர். “பொண்ணு எப்படி கேப்டனாக முடியும்?” என்று கமென்ட் போட்டவருக்கு அவர் சிரித்துக்கொண்டே கொடுத்த பதில் வீடியோ வைரல்.

நானும் ஆகலாமா?

ஆகலாம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் படித்திருக்க வேண்டும். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு எழுதி, நாட்டிகல் சயின்ஸ் படிப்பில் சேரலாம். பார்வைத் திறன் முக்கியம். நிறக்குருடு இருந்தால் கதவு மூடிவிடும். காரணம் எளிது: இரவில் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் போகிறது என்பதைச் சொல்வதே அதன் சிவப்பு, பச்சை விளக்குகள்தான்.

பிறகு கேடட், செகண்ட் மேட், சீஃப் மேட், மாஸ்டர் என ஒவ்வொரு படிக்கும் கடல் அனுபவமும் தேர்வும் உண்டு. மாஸ்டர் சான்றிதழ் வாங்கினாலும் உடனே நான்கு பட்டை கிடைக்காது. ஆட்டோமேட்டிக் புரமோஷன் எதிர்பார்ப்பவர்களுக்கான வேலை இல்லை இது.

பணம் கட்டியாச்சு. அப்புறம் ஏன் துறைமுகத்தை ‘ஸ்கிப்’ பண்றாங்க?

பயணிகள் அதிகம் கோபப்படுவது இங்கேதான். ஆறு மாதம் முன்பே புக் செய்திருப்பார்கள். கரையில் சுற்றிப் பார்க்க வண்டி பேசியிருப்பார்கள். காலையில் மைக்கில் குரல் வரும்: “பலத்த காற்று காரணமாக இன்று துறைமுகத்துக்குள் போகவில்லை.” ஜன்னலைத் திறந்தால் நல்ல வெயில். “இதுல என்ன பலத்த காற்று?”

அத்தனை உயரமான கப்பலின் பக்கவாட்டுச் சுவர், காற்றுக்கு ஒரு ராட்சதப் பாய். திறந்த கடலில் தெரியாத காற்று, குறுகிய துறைமுக வாயிலில் கப்பலைத் தள்ளிக்கொண்டு போய்விடும். சில ஊர்களில் கப்பல் அணையும் மேடையே இருக்காது. நங்கூரமிட்டு, சிறு படகுகளில் பயணிகளை இறக்க வேண்டும். அலை கொஞ்சம் ஏறினாலும் படகில் கால்வைக்கும் அந்த ஒரு நொடி ஆபத்தானது.

துறைமுகத்தைத் தவிர்த்தால் நிறுவனத்துக்கு நஷ்டம், பயணிகளுக்கு ஏமாற்றம். அந்த அழுத்தத்தில் கேப்டன் வளைந்துவிடக் கூடாது என்பதற்காகவே ஒரு சர்வதேச விதி இருக்கிறது. டைட்டானிக் மூழ்கிய பிறகு 1914-ல் பிறந்து, இப்போது 1974-ம் ஆண்டு வடிவில் நடைமுறையில் இருக்கும் ‘சோலாஸ்’ ஒப்பந்தம் சொல்வது இதுதான்: உயிர்ப் பாதுகாப்புக்காகவோ கடல் சூழலுக்காகவோ அவசியம் என்று கேப்டன் எடுக்கும் முடிவை, கப்பலின் முதலாளியோ நிறுவனமோ தடுக்கக் கூடாது.

யோசித்துப் பாருங்கள். ‘முடியாது’ என்று முதலாளியிடம் சொல்லும் உரிமையை சர்வதேசச் சட்டமே எழுதிக் கொடுத்திருக்கும் வேலை நமக்குத் தெரிந்து எத்தனை?

அந்த ‘முடியாது’ சொல்லப்படாவிட்டால்?

2019 மார்ச் 23. நார்வே கடற்கரையில் ‘வைக்கிங் ஸ்கை’ கப்பல் புயலுக்குள் போனது. கப்பலில் 1,373 பேர். பாறைகள் நிறைந்த ஹுஸ்டாட்விகா பகுதியில் இன்ஜின்கள் ஒட்டுமொத்தமாக நின்றன. எண்ணெய்த் தொட்டிகளில் மசகு எண்ணெய் அளவு குறைவாக இருந்ததால், கப்பல் ஆடிய ஆட்டத்தில் இன்ஜின்களுக்கு எண்ணெய் போய்ச் சேரவில்லை. ஹெலிகாப்டரில் ஒவ்வொருவராகத் தூக்கி 479 பேரை மீட்டார்கள். மறுநாள் கப்பல் மோல்டே துறைமுகம் சேர்ந்தது. உயிரிழப்பு இல்லை.

நார்வே விசாரணை அமைப்பின் அறிக்கை சொன்னது இன்னும் திகில். பாறையில் மோத ஒரு கப்பல் நீளத் தூரம்கூட இல்லை. அதோடு, நான்கு ஜெனரேட்டர்களில் ஒன்று ஏற்கெனவே வேலை செய்யாத நிலையில், அந்த வானிலையில் அந்தக் கப்பல் ட்ரோம்சோவிலிருந்து கிளம்பியிருக்கவே கூடாது.

கேப்டன்தான் கடைசியாக இறங்க வேண்டுமா?

‘கப்பலோடு மூழ்க வேண்டும்’ என்று எந்தச் சர்வதேச விதியும் சொல்லவில்லை. ஆனால் இத்தாலி போன்ற நாடுகளில், பயணிகள் இருக்கும்போதே கேப்டன் கப்பலைக் கைவிடுவது குற்றம்.

2012 ஜனவரி 13 இரவு, ‘கோஸ்டா கான்கார்டியா’ இத்தாலியின் ஜிலியோ தீவைத் தொட்டுவிடும் தூரத்தில், தீவுக்கு ‘சல்யூட்’ வைப்பது போலக் கடந்துபோக முயன்று பாறையில் மோதியது. கப்பலில் 4,200-க்கும் மேற்பட்டோர். கப்பலை விட்டு வெளியேறும் உத்தரவு வர ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. 32 பேர் இறந்தார்கள். பயணிகள் உள்ளே தவித்துக்கொண்டிருந்தபோது கேப்டன் பிரான்செஸ்கோ ஸ்கெட்டினோ வெளியே இருந்தார். ‘கப்பலுக்குத் திரும்பிப் போ’ என்று கடலோரக் காவல் அதிகாரி போனில் கத்திய ஆடியோ உலகம் முழுக்கப் பரவியது. தடுமாறி லைஃப் போட்டில் விழுந்துவிட்டதாக ஸ்கெட்டினோ சொன்னார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 16 ஆண்டு சிறைத் தண்டனை 2017-ல் உறுதியானது.

எட்டு ஆண்டுகள் கழித்து, 2020 பிப்ரவரியில் ஜப்பானின் யோகோஹாமாவில் ‘டயமண்ட் பிரின்சஸ்’ கப்பல் கொரோனாவால் தனிமைப்படுத்தப்பட்டது. 3,711 பேர். அதில் 132 இந்திய ஊழியர்கள் உட்பட 138 இந்தியர்கள். 700-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. அறைக்குள் அடைபட்டிருந்தவர்களிடம் மைக்கில் தொடர்ந்து பேசிக்கொண்டிருந்தார் கேப்டன் ஜென்னாரோ ஆர்மா. மார்ச் 1-ம் தேதி, எல்லோரும் இறங்கிய பிறகு கடைசி ஆளாக, மாஸ்க்கோடு, பெட்டியை இழுத்துக்கொண்டு தனியாக நடந்து வந்தார்.

ஸ்கெட்டினோ, ஆர்மா இருவரும் இத்தாலியின் சொரெண்டோ தீபகற்பத்தைச் சேர்ந்தவர்கள். ஏறக்குறைய பக்கத்து ஊர்க்காரர்கள். அதே நான்கு பட்டை, அதே வெள்ளை யூனிஃபார்ம்.

அப்போ, பயணியா நான் என்ன பண்ணணும்?

ஒன்று, ‘மஸ்டர் ட்ரில்’. ஆபத்து நேரத்தில் எங்கே கூடணும், லைஃப் ஜாக்கெட்டை எப்படிப் போடணும் என்று சொல்லித்தரும் பயிற்சி. கான்கார்டியாவில் அன்று மாலை ஏறிய பல நூறு பேருக்கு அந்தப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. அந்த விபத்துக்குப் பிறகு, கப்பல் கிளம்பும் முன்போ கிளம்பிய உடனேயோ நடத்தியாக வேண்டும் என்று 2015 முதல் விதி மாறியது. அந்த நேரத்தில் மட்டும் போனைப் பைக்குள் போட்டுடுங்க. ஏழு குட்டி ஒலி, பிறகு ஒரு நீண்ட ஒலி. அதுதான் கூடச் சொல்லும் அபாயச் சங்கு.

இரண்டாவது, ‘இன்று துறைமுகத்துக்குள் போகவில்லை’ என்ற அறிவிப்பு வந்தால் கோபம் வரும். வரட்டும், டூர் காசு போனது உண்மைதானே. ஆனா, ரிசப்ஷனில் சண்டைக்குக் கிளம்பும் முன் ஒன்றை மட்டும் நினைச்சுக்கோங்க. பத்தாயிரம் பேர் திட்டுவார்கள் என்று தெரிந்தே மேலே ஒருத்தர் அந்த மைக்கை எடுத்திருக்கார். நீங்க டிக்கெட் வாங்கினப்போ, அவருடைய அந்தத் தைரியத்துக்கும் சேர்த்துத்தான் காசு கொடுத்திருக்கீங்க.