“கொஞ்சம் இறக்கிக் கொடுங்க ஆசாரியாரே!”

நாதஸ்வரத்தை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்? கல்யாண மேடை ஓரத்தில். சுவாமி புறப்பாட்டுக்கு முன்னால். பட்டு வேட்டி, சந்தனம், கழுத்தில் சங்கிலி, கையில் பளபளவென்று நாயனம். எல்லாம் அலங்காரம் முடிந்த பிறகு பார்க்கிற பார்வை. அது அழுக்கு பனியனோடு இருக்கிற இடத்தைப் பார்க்க எனக்கு ரொம்ப நாள் ஆசை. இந்த ஆடியில் வாய்த்துவிட்டது. நீங்களும் வாங்க!

கும்பகோணத்தில் மயிலாடுதுறை பஸ்ஸைப் பிடியுங்கள். திருபுவனம், திருவிடைமருதூர் தாண்டி ஆடுதுறை. நெல்லுக்கெல்லாம் நம்பர் போட்டுப் பேர் வைத்த ஊர். குறுவைக்கு ‘ஆடுதுறை 43’ விதைக்காத விவசாயி இந்தப் பக்கம் குறைவு. அதற்கு அடுத்த நிறுத்தத்தில் இறங்கினால் நரசிங்கம்பேட்டை. உலகத்தில் எந்த மூலையில் தமிழ்க் கல்யாணம் நடந்தாலும் அங்கே ஊதுகிற நாயனம் இந்தத் தெருவில் கடைந்ததாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. 2022-ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. ஆனால் தெருவைப் பார்த்தால் அந்தப் பெருமிதமெல்லாம் தெரியாது. ஓட்டு வீடு, திண்ணை, கொடியில் துண்டு, வாசலில் ஒரு சைக்கிள்.

ஒரு நாயனப் பட்டறை வாசலில், உள்ளே விடுவார்களா என்று தயங்கி நின்றேன். “வாங்க வாங்க, தும்மல் வந்தா மட்டும் அந்தப் பக்கம் திரும்பித் தும்முங்க” என்றார் பெரியவர். விட்டுவிட்டார்கள்!

தும்மலுக்குக் காரணம் ஆச்சா மரத்தூள். தரை, ஜன்னல் கம்பி, சாமி படம், பெரியவரின் புருவம் என்று எல்லாவற்றிலும் காபிப்பொடியாய்ப் படிந்திருக்கிறது. மூலையில் மரக்கட்டைகள் அடுக்கியிருந்தன. கிட்டே போய்ப் பார்த்தால் ஒன்றில் துருப்பிடித்த ஆணி. இன்னொன்றில் மஞ்சள் பூசிய தடம், அதன் நடுவே குங்குமம்! யார் வீட்டு நிலைப்படியோ. நாயனத்துக்குப் புதுமரம் ஆகாது; ஈரம் முழுக்க வற்றி, இனிமேல் வளையவும் வெடிக்கவும் தெம்பில்லாத மரம்தான் வேண்டும். அதனால் பழைய வீடுகளை இடிக்கும்போது வருகிற உத்திரத்தையும் நிலையையும் தேடிப் போய் வாங்குகிறார்கள். எழுபது எண்பது வருஷம் கூரையைத் தாங்கியது, அடுத்த எழுபது வருஷம் தோடி பாடப் போகிறது. பெரியவரின் மகன் இடுக்கியால் ஆணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, “ஒண்ணை விட்டுட்டோம்னா உளி போச்சு” என்றார். டப்பா நிறையப் பிடுங்கிய ஆணி வைத்திருக்கிறார்கள். எதற்கென்று கேட்டேன். “தூக்கிப் போட மனசு வரலை.”

கடைசல் முன்னெல்லாம் கைப்பாடு. ஒருவர் கயிற்றை இழுத்து மரத்தைச் சுழற்ற, இன்னொருவர் உளியைப் பிடிப்பார். இப்போது மோட்டார். கரண்ட் போனால் டீ. நான் போன நேரம் கரண்ட் இருந்தது; கட்டை சுழல, உளி பட்ட இடத்தில் சுருள் சுருளாக மரம் கழன்று மகனின் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. உள்ளே துளை போடுவது அதைவிடப் பெரிய சாகசம். மேலே ஒடுங்கி, கீழே போகப்போக அகன்று, நேராக இறங்க வேண்டும். உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. கையில் தெரிகிற அதிர்வுதான் கண். அந்த வேலை நடக்கும்போது பேச்சுக் கொடுக்கக்கூடாது என்று வீட்டு அம்மா முன்கூட்டியே எனக்கு ஜாடை காட்டிவிட்டார்.

ஆனால் நான் பார்க்க வந்தது இதையல்ல. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலைக்குக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாரே ஒருவர், அவரைத்தான். மன்னார்குடிப் பக்கத்து வித்துவான். ஆடியில் முகூர்த்தம் கிடையாது. அம்மன் கோயில் வேலை போக, கை கொஞ்சம் ஓய்ந்திருக்கிற மாசம். வாத்தியத்தில் இருக்கிற குறையெல்லாம் பட்டறைக்கு வந்து சேருகிற மாசம்.

வெற்றிலையைத் துப்பி, வாயைக் கொப்பளித்து, புது நாயனத்தை எடுத்தார். ஒரு பிடி. அவ்வளவுதான், தெருவில் போன ஆடு நின்று பார்த்தது. (சத்தியமாக!) மூடின அறையில், ஒரு கை தூரத்தில் நாதஸ்வரம் கேட்டிருக்கிறீர்களா? காது கேட்பதற்கு முன்னால் நெஞ்செலும்பு கேட்டுவிடுகிறது.

வித்துவான் முகம் மட்டும் சுளித்தது. “தைவதம் லேசா எட்டிப் பார்க்குது ஆசாரியாரே. கொஞ்சம் இறக்கிக் கொடுங்க.”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பெரியவருக்குத் தெரிந்துவிட்டது. நாயனத்தில் மொத்தம் 12 துளை. வாசிக்க 7; மிச்சம் 5 கீழ்ப்பக்கம், விரல் போகாத இடத்தில். அவை எதற்கு என்று நான் நினைத்ததே இல்லை. சுருதியைச் சரிக்கட்டத்தான்! மெழுகை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்கி, கட்டைவிரலால் ஒரு துளையின் ஓரத்தில் அப்பினார். “ஊதுங்க.” ஊதினார். “இன்னும் ஒரு நூல்.” இன்னொரு கடுகளவு மெழுகு. “ஊதுங்க.” வித்துவான் பதில் சொல்லாமல் கண்ணை மூடி வாசித்துக்கொண்டே போனார். அதுதான் பதில். மோட்டாரை நிறுத்திவிட்டு மகனும் கேட்டார். முடிந்ததும், “மரத்துல அரம் போட்டிருக்கலாமே?” என்றேன். பெரியவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். “எடுத்த மரத்தை எப்படித் தம்பி ஒட்டுறது? நாளைக்கு இவரே வந்து ஏத்திக் கொடுன்னு நிப்பாரு.” வித்துவான் வெட்கமே இல்லாமல் சிரித்தார்.

மலையேறுகிறவர்களுக்கும் காட்டில் கூடாரம் போடுகிறவர்களுக்கும் சாமான் விற்கிற பெரிய கம்பெனிகள், ‘வாங்கியவர் சொல்வதைக் கேட்டுப் பொருளை மாற்றுகிறோம்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். அவற்றில் ஒன்றின் தொடக்கமும் ஒரு பட்டறைதான். அமெரிக்காவில் இவான் சுயினார்ட் என்ற மலையேறி 1957-ல் பழைய உலைக்களம் ஒன்றை வாங்கி, பாறையில் அடிக்கிற முளைகளைத் தனக்கென்று அடித்துக்கொண்டார். நண்பர்கள் எனக்கு, எனக்கு என்றார்கள். கார் டிக்கியில் வைத்து விற்றார். பிறகு அந்த இரும்பு முளைகள் பாறையையே காயப்படுத்துகின்றன என்பதை ஏறிப் பார்த்துத் தெரிந்துகொண்டு, 1972-ல் தன்னுடைய விற்பனைப் புத்தகத்திலேயே ‘அதை விடுங்கள், பாறையில் செருகி எடுக்கிற அலுமினியத் துண்டுக்கு மாறுங்கள்’ என்று எழுதினார். அடுத்த வருஷம் வந்ததுதான் அவருடைய பேட்டகோனியா கம்பெனி. நல்ல கதைதான். ஆனால் கூரையில்லாத இடத்துக்கென்றே செய்த சரக்கு என்றால் நம் ஊரில் முதல் மரியாதை நாயனத்துக்கு. வெயில், பனி, தீவட்டிப் புகை, தேர் சக்கரத்துப் புழுதி என்று எல்லாம் பட்டும் நாலு வீதிக்கும் கேட்க வேண்டும். அதற்கு யோசனை சொன்ன வாடிக்கையாளரும் சாதாரணப்பட்டவர் இல்லை.

பக்கத்து ஊர் திருவாவடுதுறை. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். அவர் காலம் 1898 முதல் 1956 வரை. அவர் கைக்கு வந்த நாயனம் திமிரி: குட்டையானது, நாலு கட்டைக்கும் மேலே சுருதி. வீதிக்கு அது சரி. மணிக்கணக்கில் ராகம் ஆலாபனை செய்ய ஆசைப்படுகிறவருக்கு? அதோடு சுத்த மத்தியமத்தில் ஒரு சங்கடம். சும்மா ஊதினால் அந்த சுரம் அசலாக நிற்காது. உதட்டாலும் மூச்சாலும் அமுக்கிப் பிடித்துத்தான் வரவழைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக எல்லோரும் அப்படித்தான் சமாளித்தார்கள். வாத்தியம் அப்படித்தான், வித்துவானுக்குத்தான் சாமர்த்தியம் வேண்டும் என்பது எண்ணம்.

ராஜரத்தினம் பிள்ளை சமாளித்துக்கொண்டு போகிற ரகமில்லை. குடுமியை எடுத்துவிட்டுக் கிராப் வைத்துக்கொண்டவர், ஷெர்வானி போட்டவர், சுருதிக்கு ஊதுகிற ஒத்து என்ற குழலை ஓரங்கட்டித் தம்புராவை வைத்துக்கொண்டவர், 1940-ல் ‘காளமேகம்’ சினிமாவில் கதாநாயகனாகவே நடித்துவிட்டவர். அப்படிப்பட்டவர் மத்தியமத்துக்கு மட்டும் விட்டுக்கொடுப்பாரா? நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியிடம் கேட்டார். ஒரு கையில் அமையவில்லை. செய்து, ஊதிப் பார்த்து, உதறி, மறுபடி செய்து என்று பலமுறை ஆன பிறகு பிறந்ததுதான் பாரி நாயனம். குழல் நீண்டது. சுருதி இரண்டு, இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. சுத்த மத்தியமம் கூப்பிட்டவுடன் வந்தது. 1947 ஆகஸ்ட் 14 இரவு டெல்லியில் சுதந்திரத்துக்கு மங்கள இசை வாசித்தாரே, அந்தப் பெரிய பேருக்குப் பின்னால் இந்தத் தெருவின் மரத்தூளும் இருக்கிறது. அவருக்காகச் செய்ததை மற்றவர்களும் கேட்டு வாங்கினார்கள். இன்று கச்சேரி நாயனம் என்றாலே பாரிதான்.

என்னைக் கேட்டால், இரண்டு ஊரும் கூப்பிடு தூரத்தில் இருந்ததுதான் விசேஷம். ஊதிப் பார்த்துப் பிடிக்கவில்லையென்றால் மாட்டுவண்டியைக்கூடப் பூட்ட வேண்டாம். நடந்தே வந்து சண்டை போடலாம்.

அந்த வழியிலேயே நாமும் திருவாவடுதுறைக்குப் போவோம். அங்கே இன்னொரு மறைவிடம் இருக்கிறது: சீவாளி செய்கிற வீடு. நாயனத்தின் வாயில் செருகுகிற அந்தக் குட்டித் தட்டை இல்லாவிட்டால் ஆச்சாவும் விறகுதான். காவிரிக் கரையோரம் விளையும் நாணலை அறுத்து, காயவைத்து, மாசக்கணக்கில் கிடப்பில் போட்டு, பக்குவப்படுத்தி, கத்தியால் இழைத்து, நூல் சுற்றி... அத்தனையும் என் சுண்டுவிரல் நீளத்துச் சாமானுக்கு. அம்மா ஒருவர் டிவி சீரியல் பார்த்தபடியே நூல் சுற்றினார். கண் திரையில், கை தானாக ஓடியது. விளம்பர இடைவேளையில் மட்டும் நிமிர்ந்து என்னைப் பார்த்து, “காபி போடட்டுமா?” என்றார்.

இங்கே வருகிற குறைகளின் பாஷையே தனி. “வாய் இறுக்கமா இருக்கு.” “காத்து நிறையத் தின்னுது.” “இன்னும் பேச மாட்டேங்குது.” ஒருவருக்குப் பேசுவது இன்னொருவருக்குப் பேசாது, பல்லும் உதடும் ஆளுக்கு ஆள் வேறு. அதனால் யாருக்குத் தடிப்பு, யாருக்கு மெல்லிசு என்பதெல்லாம் சீவாளிக்காரருக்கு மனப்பாடம். எழுதி வைத்திருக்கிறீர்களா என்றேன். நெற்றிப்பொட்டைத் தட்டிக் காட்டினார். மார்கழிப் பனியில் ஊறிப் போவது ஒன்று, ஏ.சி. மண்டபத்தில் காய்ந்து போவது ஒன்று. இரண்டுக்கும் தனித்தனிச் சீவாளி கேட்கிறார்களாம். நாயனத்தில் நூல் கட்டி நாலைந்து தொங்குமே, அலங்காரம் என்றுதானே நினைத்திருந்தோம்? அத்தனையும் அவசரத்துக்கு மாற்று!

திரும்பி வரும்போது பட்டறைத் திண்ணையில் ஒரு தவில்காரர் சேர்ந்திருந்தார். வித்துவானின் ஜோடி. பையிலிருந்து என்ன எடுத்தார் தெரியுமா? ஸ்பேனர். தோல் வாரை இழுத்துக் கட்டுகிற காலத்தில் தவிலுக்குச் சுருதி சேர்ப்பதற்குள் கை கன்றிவிடும். அலுத்துப்போய்க் கேட்கக் கேட்க, இரும்பு வளையமும் போல்ட்டும் நட்டும் வந்துவிட்டன. “இப்ப முதுகுதான் வலிக்குது, எடை கூடிப் போச்சு” என்றார். “அதையும் சொல்ல வேண்டியதுதானே?” “சொல்லிட்டேன் தம்பி. தூக்க ஒரு ஆள் வச்சுக்கன்னு சொல்லிட்டாங்க.”

எல்லா யோசனையையும் இவர்கள் கேட்டுக்கொள்வதும் இல்லை, அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. வித்துவானோடு வந்த சிஷ்யப் பையன், வெளியூர் போக வசதியாக எடை குறைத்து, சுவரை மெல்லிசாக்கி ஒன்று செய்து தரச் சொன்னான். பெரியவர் யோசிக்கவே இல்லை. “நாதம் போயிடும். உன் பெட்டியில வேற எதையாவது குறைச்சுக்க.” கல்யாண வீட்டுக்காரர்கள்கூட யோசனை சொல்கிறார்களாம், பேச முடியவில்லை, சத்தம் கம்மியான நாயனம் கிடைக்குமா என்று. சொல்கிறவர் ஊதுகிறவரா, கேட்கிறவரா, சாப்பிட வந்தவரா என்று பார்த்துத்தான் உளியை எடுப்பார் போலிருக்கிறது.

கிளம்புகிற நேரத்தில் மகனின் போன் அடித்தது. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு. வெளிநாட்டுத் தமிழ்க் கோயிலில் வாசிக்கிறவர் அனுப்பியது. புது நாயனம் சரியில்லை, பிசிறுகிறது, கேட்டுப் பாருங்கள் என்று நொந்துகொண்டு, பின்னாலேயே ஒரு மோகனம். போனைத் திண்ணையில் வைத்துச் சுற்றி உட்கார்ந்தோம். வித்துவான் தலையைச் சாய்த்தார். தவில்காரர் தொடையில் தாளம் போட ஆரம்பித்துவிட்டார். பெரியவர் இரண்டாவது முறை போடச் சொல்லிக் கேட்டார்.

“நாயனத்துல ஒண்ணும் இல்லை. அங்க குளிரு, ரூம்ல ஹீட்டர் போட்டிருப்பாரு. சீவாளியை நல்லா ஊற வைக்கச் சொல்லு” என்றார். மகன் தட்டச்சு செய்ய ஆரம்பித்தார். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “மோகனம் நல்லா இருந்துச்சுன்னும் போடு. கோவமா இருப்பாரு” என்றார்.