நெட்டையருக்கேற்ற முக்காலி

கேமராவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவோர் உண்டு. லென்ஸைப் பற்றிப் பேசுவோரும் உண்டு. அவ்விரண்டையும் தாங்கி நிற்கும் முக்காலியைப் பற்றிப் பேசுவோரைக் காண்பதுதான் அரிது. கல்லூரிப் புகைப்படக் குழுக்கள் நிதி திரட்டிக் கருவிகள் வாங்கும்போதும், பட்டியலின் கடைசி வரியில், மீந்த பணத்துக்குள் அடங்கும் ஒரு பொருளாகவே முக்காலி இடம் பெறுகிறது. அப்படி வந்து சேரும் முக்காலி சராசரி உயரமுள்ளவருக்கே எட்டியும் எட்டாமலும் இருக்கும். ஆறடியைத் தாண்டிய மாணவர் ஒருவர் அதன் பின்னால் நின்றால் வில்லாக வளைய வேண்டியதுதான். பார்ப்பவருக்கு அது வேடிக்கை. ஒரு மணி நேரம் அப்படியே நிற்பவருக்குச் சிரிப்பு வராது.

இது முதுகுவலியோடு முடிகிற செய்தியன்று. நம் வடசென்னைக் கடற்கரையில் முக்காலிக்கென்று ஒரு தனிப் பணி காத்திருக்கிறது. சென்னைத் துறைமுகத்தின் அலைத்தடுப்புச் சுவர்கள் 1870-களின் பிற்பகுதியில் எழத் தொடங்கியதும், தெற்கிலிருந்து வடக்காகக் கடல் சுமந்து வரும் மணல் துறைமுகத்தின் தென்புறத்திலேயே தேங்கலாயிற்று. மெரினாவின் அகன்ற மணற்பரப்பு வளர்ந்தது அவ்வாறுதான். மணல் வரத்து நின்ற வடபுறமோ கரைந்தது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் கரையில் கடல் ஊருக்குள் நுழைந்தது. அதைத் தடுக்கக் கருங்கற்கள் கொட்டப்பட்டன. தூண்டில் வளைவுகள் கட்டப்பட்டன. எண்ணூரில் 1970-இல் இயங்கத் தொடங்கிய அனல் மின் நிலையம் 2017-இல் மூடப்பட்டது. 2001-இல் புதிய துறைமுகம் ஒன்று திறக்கப்பட்டு, பின்னர் காமராசர் பெயரைப் பெற்றது. 2017 ஜனவரி 28 அன்று அத்துறைமுகத்துக்கு வெளியே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து கொசஸ்தலையாற்றின் முகத்துவாரம் வரை பரவியது.

இத்தகைய மாறுதல்களை மாணவர்கள் பதிவு செய்ய எளிய வழி ஒன்று உண்டு. ஒரே இடத்தில், ஒரே உயரத்தில், ஒரே திசை நோக்கி, மாதந்தோறும் ஒரு படம் எடுத்து வைப்பதே அது. பத்தாண்டுகளுக்குப் பின் அப்படங்களை வரிசையாக அடுக்கினால் கரை எவ்வளவு நகர்ந்தது, கழிமுகத்தில் மணல் எங்கே மூடியது என்பதெல்லாம் யாரும் வாதாடத் தேவையின்றித் தெரியும். கேமராவின் உயரம் படத்துக்குப் படம் மாறினால் முன்னால் கிடக்கும் பாறை பின்னால் உள்ள நீர்க்கோட்டை ஒரு மாதம் மறைக்கும், மறுமாதம் காட்டும். அத்தகைய படங்களைக் கொண்டு எதையும் அளந்து சொல்ல இயலாது.

உயரம் மாறாமல் படமெடுப்பதன் அருமையை நம் மண்ணில் அழகாகக் காட்டியவர் லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயப் படை அதிகாரி. (டிரைப் என்ற பெயருக்கும் டிரைபாடுக்கும் எந்த உறவும் இல்லை!) இராயபுரம் நிலையத்திலிருந்து முதல் ரயில் புறப்பட்ட அதே 1856-ஆம் ஆண்டில் அவர் சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக நியமிக்கப்பட்டார். 1858-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார். ஒவ்வொரு நகர்வுக்குப் பின்னும் கேமரா பழைய உயரத்துக்கே திரும்பியிராவிட்டால் கல்வெட்டின் வரிகள் ஒன்றோடொன்று சேர்ந்திரா. நாம் செய்ய நினைப்பது அதே வேலைதான். அவர் இடத்தில் நகர்ந்தார். நாம் காலத்தில் நகர்கிறோம்.

காலத்தில் நகரும்போது ஒரு சிக்கல் எழுகிறது. மாணவர்கள் மூன்றாண்டுக்கொரு முறை மாறிவிடுவர். இவ்வாண்டு படமெடுப்பவர் ஐந்தடி இரண்டங்குலம். அடுத்த ஆண்டு வருபவர் ஆறடி இரண்டங்குலமாக இருக்கலாம். கேமராவின் உயரம் மட்டும் மாறக்கூடாது. குட்டையானவர் இரண்டு செங்கல்லின் மேல் ஏறி நின்று பார்த்துக்கொள்வார். நெட்டையானவர் குழி தோண்டி இறங்க முடியுமா? ஆகவே பொதுவில் ஒரே முக்காலி வாங்கும்போது குழுவிலேயே உயரமானவரை அளவாகக் கொண்டு வாங்குவதே முறை. உயரமான முக்காலியைத் தாழ்த்தலாம். தாழ்ந்ததை உயர்த்தவே இயலாது.

எவ்வளவு உயரம் வேண்டும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. மனிதனின் கண் அவன் உச்சந்தலையிலிருந்து சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இருக்கிறது. ஆறடி இரண்டங்குலம் என்பது 188 செ.மீ. எனவே கண்ணின் உயரம் 176. கேமராவின் அடியிலிருந்து கண் வைத்துப் பார்க்கும் துளை வரை ஏறத்தாழ 9 செ.மீ.; முக்காலியின் தலைப்பகுதி 10 செ.மீ. இவ்விரண்டையும் கழித்தால் 157 வருகிறது. நடுத்தண்டை உயர்த்தாமல், கால்களின் நீளத்தால் மட்டுமே அந்த முக்காலி 157 செ.மீ. உயரம் நிற்க வேண்டும். கருங்கல் கொட்டிய கரையில் ஒரு கால் பள்ளத்தில் இறங்கும் என்பதால் இன்னும் 20 செ.மீ. கையிருப்பில் இருப்பது நல்லது.

கடை அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘அதிகபட்ச உயரம்’ பல வேளைகளில் நடுத்தண்டை முழுவதும் தூக்கிய உயரமே ஆகும். நெட்டையர் ஏமாறுமிடம் இதுதான். கால்கள் மூன்று, ஒன்றையொன்று தாங்கி நிற்பவை. நடுத்தண்டோ உச்சியிலிருந்து தன்னந்தனியே எழும் ஒற்றைக் குச்சி. ஒரு முனை பிடிக்கப்பட்ட தண்டின் மறுமுனையைத் தள்ளினால் அது வளையும் அளவு நீளத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் கூடும் என்பது பௌதிகம் படித்தவர் அறிந்ததே. தண்டை 15 செ.மீ.க்குப் பதிலாக 30 செ.மீ. தூக்கினால் ஆட்டம் இரண்டு மடங்காக அன்று, எட்டு மடங்காகப் பெருகும்.

இன்னொன்றும் உண்டு. உயரத்தைக் கால்களிலிருந்து பெற்றால் கால்கள் விரியும் பரப்பும் கூடவே பெருகுகிறது. கேமராவும் முக்காலியும் சேர்ந்து 4 கிலோ என்று கொள்வோம். கால்கள் மட்டுமே 157 செ.மீ. உயரம் கொடுத்தால், கேமராவின் உயரத்தில் சுமார் 800 கிராம் எடைக்குச் சமமான பக்கத் தள்ளல் அதைக் கவிழ்க்கும். கால்கள் 120 செ.மீ. மட்டும் கொடுத்து மிச்சத்தை நடுத்தண்டு கொடுத்தால் 600 கிராமே போதும். இரண்டும் ஒரே உயரம், ஒரே எடை. கவிழ்வதில் மட்டும் இத்தனை வேறுபாடு! உச்சியில் உள்ள கொக்கியில் 3 கிலோ பையைத் தொங்கவிட்டால் முதல் முக்காலி 1,400 கிராம் வரை தாங்கும். பையின் அடி மட்டும் தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். அந்தரத்தில் ஊசலாடும் பை முக்காலியையும் சேர்த்து ஆட்டும்.

முக்காலி ஏன் முக்காலியாக இருக்கிறது என்று கேட்கலாம். மூன்று புள்ளிகள் எங்கே அமைந்தாலும் அவற்றின் வழியே ஒரு தளம் உண்டு. ஆதலால் மூன்று கால்களும் எப்போதும் தரையைத் தொடும். நான்கு கால் நாற்காலிக்குத்தான் ஒரு காலின் அடியில் காகிதம் மடித்து வைக்கும் தொல்லை. மூவடியால் உலகளந்தவனை நெடியோன் என்று நம் முன்னோர் அழைத்தனர். மூன்று காலுக்கும் நெட்டையருக்கும் உள்ள உறவு அன்றே ஏற்பட்டுவிட்டது போலும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் கடற்கரையைப் பற்றிப் பேச முடியாது. நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டரில் வீசும் காற்று, ஒரு சதுர மீட்டரில் சுமார் 60 நியூட்டன் அழுத்தம் தரும். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும். கேமராவின் பரப்பு சிறிதுதான் எனினும், படம் கெடுவதற்கு மிகச் சிறிய அசைவே போதும். 200 மி.மீ. லென்ஸின் முன்முனை ஒரு மில்லிமீட்டரில் 250-இல் ஒரு பங்கு அசைந்தாலே இன்றைய டிஜிட்டல் கேமராவில் படம் ஒரு புள்ளி அளவு நகர்ந்துவிடும். அது தலைமயிரின் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை! ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் நங்கூரமிட்ட கப்பலில் அந்த ஒரு புள்ளி 10 செ.மீ.க்குச் சமம். கப்பலின் பெயரைப் படிக்க முடிவதும் முடியாமற்போவதும் இதில்தான் இருக்கிறது.

இந்த அசைவை அடக்குவது குழாயின் பருமன். சுவர்த்தடிப்பு ஒன்றாயிருக்கும் மெல்லிய குழாய்களில் விறைப்பு விட்டத்தின் மும்மடியாக உயரும். 28 மி.மீ. குழாய், 22 மி.மீ. குழாயைவிட இருமடங்கு விறைப்பானது. முக்காலி வாங்கும்போது எல்லோரும் மேற்குழாயைத் தட்டிப் பார்க்கிறார்கள்; பார்க்க வேண்டியது கடைசியாக வெளிவரும் அடிக்குழாயை. ஐந்து அடுக்குக் கால்கள் மடித்தால் கைப்பைக்குள் அடங்கும். ஆனால் ஐந்தாவது குழாய் பென்சிலைப் போல் மெலிந்திருக்கும். நெட்டையருக்கு அக்குழாய்களை முழுவதும் இழுக்காமல் உயரம் கிடைக்காது. எனவே மூன்று அடுக்கே அவருக்குச் சிறந்தது. மடித்தபின் இரண்டேகால் அடி நீளம் இருக்கும்தான். கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலின் காலை நெரிசலில் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறுபவர் சக பயணிகளின் வாழ்த்துகளை எதிர்பார்க்கலாகாது.

அலுமினியம் விலை குறைவு, எடை கூடுதல். கார்பன் ஃபைபர் கால்களைப் பிரெஞ்சு நிறுவனமான கிட்சோ 1994-இல் அறிமுகப்படுத்தியது. எடை குறைவு, விறைப்பு மிகுதி, அதிர்வும் விரைவில் அடங்கும். விலைதான் மாணவர் கைக்கு எட்டாது. மரக்கால்களும் அதிர்வை நன்றாக விழுங்கும். ஜெர்மனியின் பெர்லபாக் நிறுவனம் இன்றும் மரத்திலேயே செய்கிறது. நம் தேவைக்குத் தடித்த அலுமினியமே போதும் என்பது என் கருத்து. காற்றடிக்கும் கரையில் எடை ஒரு குற்றமன்று.

‘இத்தனை கிலோ தாங்கும்’ என்று எழுதியிருப்பதை நம்பி வாங்க வேண்டாம். எல்லா நிறுவனங்களும் ஏற்றுக்கொண்ட ஒரே சோதனை முறை அதற்கு இல்லை. கடையிலேயே சோதித்துவிடலாம். நடுத்தண்டை முழுவதும் இறக்கிவிட்டுக் கால்களை முழுவதும் நீட்டுங்கள். உச்சியை இரு கைகளாலும் பிடித்து, துணி பிழிவதுபோல் மெல்ல முறுக்குங்கள். சந்துகளில் சிறு நெகிழ்வு இருந்தாலும் கைக்குத் தெரியும். பிறகு கேமராவைப் பூட்டி, திரையில் காட்சியைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு, ஒரு காலை விரலால் தட்டுங்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் ஆட்டம் அடங்கினால் நல்ல முக்காலி. ஐந்து எண்ணியும் அடங்காவிட்டால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடலாம். பழைய முக்காலியானாலும் இதே சோதனைதான். திருகின் அளவு பொருந்துமோ என்ற கவலை வேண்டாம். கேமராவின் அடியில் உள்ள கால் அங்குலத் திருகு உலகெங்கும் ஒன்றே.

திரையைச் சாய்த்துப் பார்க்கும் வசதி இன்றைய கேமராக்களில் இருக்கும்போது இத்தனை உயரம் எதற்கு என்று சிலர் கேட்பர். வகுப்பறையிலும் மாலை வேளையிலும் அது சரியே. முற்பகல் பத்து மணிக்கு எண்ணூர்க் கழிமுகத்தில் பூநாரைகளுக்காகக் காத்திருப்பவர், நீரிலிருந்து தெறிக்கும் ஒளியில் திரையில் தம் முகத்தையே காண்பார்! அங்கே துளையில் கண்ணை வைத்தே தீர வேண்டும்.

களத்தில் நிறுத்தும் முறைக்கு வருவோம். சரிவில் இரண்டு கால்கள் பள்ளத்தின் பக்கமும் ஒன்று மேட்டின் பக்கமும் இருக்கட்டும். சமதரையில் ஒரு கால் லென்ஸ் நோக்கும் திசையில் நீளட்டும். மணலில் கால்கள் சிறிது சிறிதாக அமிழும். பழைய ரப்பர் செருப்புகளையோ பலகைத் துண்டுகளையோ அடியில் வைத்தால் அமிழா. எண்ணூர் விரைவுச் சாலையோரத்தில் கன்டெய்னர் லாரி கடக்கும்போது தரையே அதிர்கிறது. அதற்கு எந்த முக்காலியும் மருந்தன்று. இரு லாரிகளுக்கிடையே கிடைக்கும் அமைதிக்குக் காத்திருக்க வேண்டும், அல்லது எட்டுப் பத்து நொடி நீளும் படமாக எடுத்து, ஓரிரு நொடி அதிர்வை அதில் கரைத்துவிட வேண்டும். கேமராவைக் கையால் அழுத்தாமல் இரண்டு நொடி தாமத விசையைப் பயன்படுத்துக.

துறைமுகம், ரயில் நிலையம், மின் நிலையம் ஆகியவற்றின் வளாகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறாமல் முக்காலியை விரிக்கக் கூடாது. கைபேசியில் எடுப்பவரைக் கவனியாத காவலரும் முக்காலியைக் கண்டால் ஓடி வருவார். கல்லூரி முதல்வரின் கடிதம் ஒன்று பையில் இருப்பது நல்லது.

மாதாந்தரப் படத்துக்கு உரிய கால் நீளத்தைக் குழாயின் மீது நகப்பூச்சால் கோடிட்டு வைத்துவிட்டால், அடுத்த ஆண்டு வருபவர் அளவுநாடா தேட வேண்டியதில்லை. படம் எடுத்த நாள், நேரம், தரையிலிருந்து லென்ஸின் உயரம், முன்னால் தெரியும் அடையாளம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுக. கரை திரும்பியதும் அன்றிரவே கால்களை முழுவதும் நீட்டி நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் துடைத்து, மடக்காமல் நிழலில் உலர விட வேண்டும். அலுமினியக் குழாயும் எஃகுத் திருகும் சந்திக்குமிடத்தில் உப்புநீர் தங்கினால் அரிப்பு விரைந்து நடக்கும். திருகிப் பூட்டும் கால்களானால் மாதம் ஒரு முறை கழற்றி மணலைத் துடைத்துச் சிறிது கிரீஸ் தடவுக. ஒரு வாரம் கழித்துக் கழுவலாம் என்று மூலையில் சாத்தி வைத்தால், உப்பு வெண்ணிறமாகப் பூத்து, அடிப்பூட்டு திறக்காமல் இறுகியிருக்கும்.