சாவியும் பூட்டும் டி.என்.ஏ. ஏடும்

புதுக்கோட்டை மாவட்டத்தில் கத்தக்குறிச்சி என்றொரு சிற்றூர் உள்ளது. அவ்வூரைச் சேர்ந்த சாந்தி சௌந்தரராஜன் செங்கல் சூளைத் தொழிலாளர்களின் மகள். 2006 டிசம்பரில் கத்தார் நாட்டின் தோஹா நகரில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இவர் 800 மீட்டர் தூரத்தை 2 நிமிடம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளிப் பதக்கம் வென்றார். சில நாட்களிலேயே, ‘பாலினச் சோதனையில் தேறவில்லை’ என்று கூறி அப்பதக்கத்தைப் பறித்துவிட்டார்கள்.

ஒருவருடைய உடலின் விவரம் அவருக்கே சொந்தமானது. ஆகவே சாந்தியின் உடலைப் பற்றி நாம் இங்கு ஆராயப் போவதில்லை. ஆனால் இந்நிகழ்ச்சி எழுப்பும் கேள்வி நம் எல்லோருக்கும் உரியது. ஒருவர் ஆணா, பெண்ணா என்பதை ஓர் ஆய்வுக்கூடச் சோதனை ஐயமறச் சொல்லிவிட முடியுமா? இதற்கு விடை காண, நம் உயிரணுவுக்குள் சற்றே நுழைந்து பார்க்க வேண்டும்.

கதவைத் தட்டாத விருந்தாளி

ஹார்மோன்கள் இரத்தத்தின் வழியே செல்லும் செய்தியாளர்கள் என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். இன்சுலின் போன்ற புரத ஹார்மோன்கள் உயிரணுவின் வாசலில் நின்று கதவைத் தட்டிச் செய்தி சொல்பவை, உள்ளே நுழைவதில்லை. ஸ்டீராய்டு ஹார்மோன்களோ வேறு வகை. இவை கொலஸ்ட்ராலிலிருந்து உண்டாகின்றன. மூன்று அறுகோண வளையங்களும் ஓர் ஐங்கோண வளையமும் ஒட்டிய அமைப்பு இவற்றுக்கு உண்டு. கொழுப்பில் கரையும் தன்மை உடையவை ஆதலால், கொழுப்பாலான உயிரணுச் சவ்வை எளிதாகக் கடந்து உள்ளே போய்விடுகின்றன.

டெஸ்டோஸ்டிரோன் இவற்றுள் ஒன்று. அதன் ஒரு மூலக்கூறில் 19 கார்பன், 28 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன் அணுக்களே உள்ளன. இவ்வளவு சிறிய பொருள், குரலை மாற்றுகிறது; மீசையை முளைக்க வைக்கிறது; தசையை வளர்க்கிறது. எப்படி?

நடந்து செல்லும் பூட்டு

உயிரணுவின் உள்ளே ‘ஏற்பி’ எனப்படும் புரதம் காத்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனுக்கு உரிய ஏற்பியில் சுமார் 900 அமினோ அமிலங்கள் உண்டு. ஹார்மோனைப் போல 300 மடங்குக்கு மேல் எடையுள்ளது. ஹார்மோன் வரும்வரை வேறு சில புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. ஹார்மோன் வந்து ஏற்பியின் குழிக்குள் பொருந்தியதும், ஏற்பியின் வடிவம் மாறுகிறது; பிடித்திருந்த புரதங்கள் விலகுகின்றன.

சாவியும் பூட்டும் என்ற உவமையை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இங்கே ஒரு புதுமை நடக்கிறது. சாவி நுழைந்தவுடன் பூட்டே புறப்பட்டுவிடுகிறது! ஹார்மோனைச் சுமந்துகொண்டு ஏற்பி உட்கருவுக்குள் நுழைகிறது, தன்னைப் போன்ற மற்றொன்றுடன் ஜோடி சேர்கிறது, டி.என்.ஏ.வைத் தேடிப் போகிறது.

ஒவ்வோர் ஏற்பியிலும் துத்தநாக அணுக்கள் இரண்டு உள்ளன. ஒவ்வோர் அணுவையும் சுற்றிப் புரதச் சங்கிலி ஒரு விரலைப் போல மடிந்திருக்கிறது. இந்தத் ‘துத்தநாக விரல்’ டி.என்.ஏ. முறுக்கின் பள்ளத்தில் பொருந்தி, அங்குள்ள எழுத்துக்களைத் தடவிப் படிக்கிறது. மனித டி.என்.ஏ.வில் சுமார் 300 கோடி எழுத்துக்கள். அவற்றுள் ஏற்பி தேடுவது ஏறக்குறைய இத்தகைய சொல்லை:

ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ, பிறகு ஏதேனும் மூன்று எழுத்துக்கள், பிறகு டி-ஜி-டி-டி-சி-டி.

முதல் ஆறு எழுத்தை ஜோடியில் ஒன்றும், கடைசி ஆறு எழுத்தை மற்றொன்றும் பற்றிக்கொள்கின்றன. பின்னர் வேறு பல புரதங்கள் அங்கே கூடுகின்றன. அருகிலுள்ள ஜீனிலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கப்படுகிறது, அதைக் கொண்டு புதுப் புரதம் தயாராகிறது. குரல் மாறுவதும் மீசை முளைப்பதும் இவ்விதமே தொடங்குகின்றன.

ஹார்மோன் ஜீனை விழிக்கச் செய்கிறது என்பதற்கு ஆரம்பச் சான்று ஒரு சிறு பூச்சியிடமிருந்து கிடைத்தது. 1960-இல் கிளெவர், கார்ல்சன் என்ற இரு ஜெர்மானிய அறிஞர்கள், எக்டைசோன் என்னும் ஸ்டீராய்டு ஹார்மோனைப் பூச்சியின் புழுப் பருவத்தில் செலுத்தினார்கள். அதன் குரோமோசோமில் குறிப்பிட்ட இடங்கள் உப்பி எழுவதை நுண்ணோக்கியில் கண்டார்கள்.

செய்தி வந்தும் படிக்க ஆளில்லை

இப்போது நம் கேள்விக்கு வருவோம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம்கள். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். ஒய் குரோமோசோமிலுள்ள எஸ்.ஆர்.ஒய். என்ற ஜீன் (1990-இல் கண்டறியப்பட்டது) கருவில் விரைகள் உருவாக வழி செய்கிறது. விரைகள் டெஸ்டோஸ்டிரோனைச் சுரக்கின்றன. அதன்பின் உடலை ஆணுடலாக வளர்ப்பது அந்த ஹார்மோனும் அதன் ஏற்பியும்தான்.

ஆனால் ஏற்பியைச் செய்யும் ஜீன் இருப்பது ஒய் குரோமோசோமில் அன்று, எக்ஸ் குரோமோசோமில்! அந்த ஜீனில் ஓர் எழுத்து பிறழ்ந்தால்கூட ஏற்பி பயனற்றுப் போகலாம். அப்போது இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைய இருக்கும், படிக்க ஆளிராது. கரு பெண் வடிவிலேயே வளரும். பிறக்கும் குழந்தை பெண் குழந்தை, பெண்ணாகவே வளர்வாள். பருவம் வந்ததும் டெஸ்டோஸ்டிரோனின் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜனாக மாறும். ஈஸ்ட்ரோஜனின் ஏற்பி பழுதின்றி இருப்பதால் பெண்ணின் உடலமைப்பும் வந்துவிடும். கருப்பை மட்டும் இராது, மாதவிடாய் வராது. குரோமோசோமைப் பார்த்தால்தான் எக்ஸ்-ஒய் என்று தெரியும். இதை ‘ஆண்ட்ரோஜன் உணராமை’ என்பார்கள். இது முழுமையாகவோ ஓரளவாகவோ இருக்கலாம். முழுமையாக உள்ளவருக்கு டெஸ்டோஸ்டிரோனை ஊசியால் ஏற்றினாலும் தசை வளராது.

ஸ்பெயின் நாட்டுத் தடை ஓட்ட வீராங்கனை மரியா ஹோஸே மார்ட்டினெஸ் பாட்டினோவுக்கு நேர்ந்தது இதுதான். 1985-இல் ஜப்பானின் கோபே நகரில் நடந்த உலகப் பல்கலைக்கழக விளையாட்டின்போது, அவருக்கு ஒய் குரோமோசோம் இருப்பது சோதனையில் தெரிந்தது. விரைவில் பதக்கங்களையும் உதவித்தொகையையும் இழந்தார். டெஸ்டோஸ்டிரோனால் தமக்கு எந்தப் பயனும் இல்லை என்று வாதாடி, 1988-இல் மீண்டும் ஓடும் உரிமை பெற்றார். தம் கதையைத் தாமே மருத்துவ இதழிலும் எழுதினார்.

ஒலிம்பிக் குழு 1999-இல் எல்லாப் பெண்களுக்குமான கட்டாயச் சோதனையைக் கைவிட்டது. ஐயத்தின் பேரில் செய்யும் சோதனைகள் மட்டும் தொடர்ந்தன. உலக தடகள அமைப்போ 2025 செப்டம்பர் முதல் உலக அளவிலான பெண்கள் போட்டிகளுக்கு எஸ்.ஆர்.ஒய். ஜீன் சோதனையைக் கொண்டுவந்துள்ளது. ஆனால் ஆண்ட்ரோஜனை முற்றிலும் உணராதவர்களுக்கு அவ்விதியிலேயே விலக்கு உண்டு. ஜீன் இருப்பது வேறு, அதன் செய்தி உடலில் படிக்கப்படுவது வேறு என்பதை விதி எழுதியவர்களும் ஏற்றிருக்கிறார்கள் அல்லவா?

செய்து பாருங்கள்

‘விகடகவி’ என்ற சொல்லை எப்பக்கம் படித்தாலும் ஒன்றே. டி.என்.ஏ.யிலும் அத்தகைய சொற்கள் உண்டு. ஆனால் ஒரு சிறு வேறுபாட்டுடன். ஏ எதிரே டி, ஜி எதிரே சி என்பது விதி. மேலே கண்ட ஏ-ஜி-ஏ-ஏ-சி-ஏ என்பதன் கீழே அதன் எதிர் எழுத்துக்களை எழுதுங்கள். கீழ் வரியை வலமிருந்து இடமாகப் படியுங்கள். என்ன வருகிறது? ஏற்பிகள் ஏன் ஜோடியாக வந்து, ஒன்றையொன்று நோக்கியபடி அமர்கின்றன என்பது உங்களுக்கே விளங்கிவிடும்.