உப்பளக் கரையில் துளைபோடும் கருவி

விழுப்புரம் மாவட்டத்து மரக்காணம் உப்பளங்களில் உப்பு வாரும் நீண்ட காம்புப் பலகை இன்றும் மரத்தால் செய்யப்படுவதற்குச் சிக்கனம் மட்டுமே காரணமன்று. இரும்பை அரித்துத் தின்னும் குளோரைடு அயனிகள் மரத்தின் நாரை அவ்வாறு தின்பதில்லை, துரு கலந்த உப்புக்கு விலையும் கிடைப்பதில்லை. அப்பலகையில் காம்பு நுழையும் துளை சற்றே கோணினாலும் வாரும் விளிம்பு பாத்தியின் தரையில் சீராகப் படியாமல், ஒரு முனை களிமண்ணைக் கீறி உப்போடு சேற்றையும் இழுத்து வரும். ஆகவே நேரான துளை என்பது இங்கு அழகைச் சார்ந்தது அன்று, பிழைப்பைச் சார்ந்தது.

இதே சோழமண்டலக் கரையில் உடையும் அலைகளைத் தாண்டி ஓடிய மசூலாப் படகு ஆணியே இல்லாமல் கயிற்றால் தைக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகம் கட்டப்படும்வரை, கப்பலில் வந்த மனிதரும் சரக்கும் பெரும்பாலும் இப்படகுகளில்தான் கரை சேர்ந்தனர். பலகைகளின் ஓரத்தில் எதிரெதிராகப் போடப்பட்ட துளைகளுள் ஒன்று விளிம்பை நோக்கிச் சாய்ந்தாலும், துளைக்கும் விளிம்புக்கும் இடையிலுள்ள மரம் மெலிந்து, கயிற்றை இறுக்கும்போதோ அலை மோதும்போதோ பிளந்துவிடும். தச்சர் கையாண்ட துரப்பணம், அதாவது தண்டில் சுற்றிய கயிற்றையோ வில்லின் நாணையோ முன்னும் பின்னும் இழுக்கச் சுழலும் துளைக்கருவி, மெதுவாகவே மரத்துக்குள் இறங்கியது. அந்த நிதானமே கோணலைக் கண்டு திருத்த அவகாசம் தந்தது.

மின்சாரத்தால் சுழலும் டிரில் அந்த அவகாசத்தைப் பறித்துவிட்டது. துளை 1 பாகை சாய்ந்தால் 100 மில்லிமீட்டர் ஆழத்தில் அதன் அடிமுனை ஏறத்தாழ 1.75 மி.மீ. விலகும், 3 பாகையானால் விலகல் 5 மில்லிமீட்டரைத் தாண்டும். கருவியின் பின்னால் நிற்பவருக்கு இடவலச் சாய்வு தெரியுமேயன்றி, தம்மை நோக்கியோ எதிர்ப்புறமோ சாய்வது எளிதில் தெரியாது. அதனால்தான் ஒரு மூலைமட்டத்தைப் பக்கவாட்டிலும் மற்றொன்றை முன்புறத்திலும் நிறுத்தி, இரண்டோடும் பிட்டை, அதாவது டிரில்லில் பொருத்திய துளையிடும் அலகை, ஒப்பிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது. கையோடு மரமும் பிட்டைத் திசை திருப்பும்: வளர்ச்சி வளையத்தின் வன்பகுதியில் படும் முனை வழுக்கி மென்பகுதியை நாடிச் செல்லும். இரும்புக்கென வாங்கிய பிட்டின் அகன்ற நுனி இவ்வாறு அலைவது அதிகம். நடுவில் கூர்முனை நீட்டிய, மரத்துக்கென்றே அமைந்த பிட்டோ முதலில் ஊன்றிக்கொண்டு பிறகே ஓரத்தை வெட்டுவதால் இட்ட புள்ளியில் நிற்கும்.

கோணலும் விபத்தும் ஒரே வேரில் பிறப்பவை. சாய்ந்து இறங்கிய பிட் துளையின் சுவரில் சிக்கி நிற்க, அதுவரை மரத்தை வெட்டிய முறுக்குவிசை முழுவதும் கைப்பிடி வழியாக மணிக்கட்டுக்குத் திரும்புகிறது. முறுக்குவிசை என்பது விசையையும், சுழலும் அச்சிலிருந்து அது செயல்படும் கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தொலைவையும் பெருக்கி வரும் அளவு. 50 நியூட்டன் மீட்டர் தரும் டிரில் சிக்கும்போது, 20 செ.மீ. தள்ளிப் பிடித்திருக்கும் கைமீது ஏறத்தாழ 25 கிலோ எடைக்கு நிகரான உதைப்பு நொடிப்பொழுதில் விழும். மரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு ஒரு கையால் கருவியை இயக்கும் வழக்கம், துரப்பணக் காலத்தில் பொருந்தியது. இன்று அது எலும்பை முறிக்கும். சுழலும் பிட்டுக்கு அருகே கையுறையும் தோளில் தொங்கும் துண்டும் கூடவே கூடாது.

உப்புக்காற்று இன்னோர் ஆபத்தைச் சேர்க்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டியதும் சாப்பாட்டு உப்பு ஈரத்தை உறிஞ்சித் தானே கரையத் தொடங்கும்; கடற்கரையில் அந்த அளவு ஈரப்பதம் இரவு நேரத்தில் சாதாரணம். எனவே டிரில்லின் காற்றுத்துளை வழியே உள்ளே படிந்த உப்புத்தூள் மின்சாரம் கடத்தும் ஈரப்படலமாக மாறி, கசிவுக்கு வழி திறக்கும். சதுரத்துக்குள் சதுரம் பொறித்த இரட்டைக் காப்புள்ள கருவியையும், 30 மில்லியாம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யையும் சேர்த்துப் பயன்படுத்துவது இங்கு கட்டாயம். பாத்தியோரத்து வேலைக்கு 12 அல்லது 18 வோல்ட் மின்கல டிரில் அதைவிடப் பாதுகாப்பானது. சிறு துளைகளுக்குப் பற்சக்கரம் வைத்த கை டிரில்லே போதும்.

விலை உயர்ந்த இயந்திரம் தானாக நேர்த்துளை போடுவதில்லை. கருவி வாங்கப்போகும் தச்சரும் மாணவரும் இரண்டு கிளாம்ப், இரண்டு மூலைமட்டம், கூர் மழுங்காத மரப்பிட், கண்ணுக்கான பாதுகாப்புக் கண்ணாடி ஆகியவற்றுக்கு முதலில் செலவழித்து, எஞ்சிய தொகையில் ஸ்டாண்டில் பொருத்தத்தக்க டிரில்லைத் தேர்ந்து, வேலை முடிந்ததும் அதைத் துடைத்து எண்ணெய் பூசி மூடிய பெட்டியில் வைக்க வேண்டும்.