வீட்டுக் கணக்கு – 9: ‘இதர’வைத் திறந்து பாருங்கள்

வாடகை, பள்ளிக் கட்டணம், மின்கட்டணம் எனத் தப்பாமல் வரும் செலவுகளைச் சென்ற வாரம் பார்த்தோம். அவற்றைப் பற்றி எந்த வீட்டிலும் பெரிய சண்டை வருவதில்லை. சண்டையெல்லாம் மிச்சப் பணத்தில்தான். ஓட்டல், சினிமா, புடவை, பார்லர், பாதி ராத்திரியில் போட்ட ஆன்லைன் ஆர்டர்... செய்யாவிட்டாலும் வீடு ஓடும் என்கிற இவற்றை விருப்பச் செலவு என்று வைத்துக்கொள்வோம்.

இதற்குத்தான் பலரும் செல்போனில் பட்ஜெட் செயலியை இறக்கிக்கொள்கிறார்கள். அது வங்கியின் எஸ்.எம்.எஸ்ஸைப் படிக்கும், அல்லது ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற அக்கவுண்ட் அக்ரிகேட்டர் வழியாக, நம் ஒப்புதலோடு, கணக்கு விவரத்தை வாங்கும். எப்படி வாங்கினாலும் அதற்குத் தெரிவது எந்தத் தேதியில், எவ்வளவு பணம், யாருக்குப் போனது என்பதுதான். எதற்காகப் போனது என்று வங்கிக்கே தெரியாது. செயலிக்கு எப்படித் தெரியும்?

2016-ல் யுபிஐ வருவதற்கு முன்பு, ஏ.டி.எம்மில் எடுத்த இரண்டாயிரம் எப்படிக் கரைந்தது என்று யாருக்கும் தெரியாது. இன்று பூக்காரம்மாவுக்குக் கொடுத்த 30 ரூபாய்க்கும் பதிவு இருக்கிறது. ஆனால் கியூஆர் அட்டை அவருடைய மகன் பேரில் இருக்கும். ஏதோ ஒரு தனிநபருக்குப் பணம் போயிருக்கிறது என்று செயலி அதை ‘இதர’வில் தள்ளிவிடும். சூப்பர் மார்க்கெட்டில் துவரம்பருப்போடு வாங்கிய ஐஸ்கிரீமும் பிறந்தநாள் பொம்மையும் ‘மளிகை’யாகிவிடும். கிரெடிட் கார்டில் வாங்கியது ஒரு செலவு, அந்த பில்லைக் கட்டியது இன்னொரு செலவு என்று இரண்டு முறை கூட்டிக் காட்டுவதும் உண்டு.

இதைப் பார்த்து எரிச்சலாகிறவர்கள் வகைகளைப் பெருக்குவார்கள். காபிக்கு ஒன்று, பானிபூரிக்கு ஒன்று, ஸ்விக்கிக்கு ஒன்று. செயலியைக் கைவிடுவதற்கு இதைவிடக் குறுக்குவழி கிடையாது. என் கட்சி எளிது: எதைக் குறைப்பதென்று ஒன்றாக உட்கார்ந்து முடிவெடுப்பீர்களோ, அது ஒரு வகை. ஓட்டல், ஸ்விக்கி, டீக்கடை எல்லாம் சேர்த்து ‘வெளிச்சாப்பாடு’ போதும். துணிமணி ஒன்று, ஓ.டி.டி. சந்தா உட்படப் பொழுதுபோக்கு ஒன்று. வெளிச்சாப்பாட்டை மட்டும் வாராவாரம் பாருங்கள். மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகரக் குடும்பம் செலவழிக்கும் நூறு ரூபாயில் பத்து ரூபாய்க்கு மேல் பானம், சிற்றுண்டி, பதப்படுத்திய உணவுக்கே போகிறது. பாலுக்குக்கூட அவ்வளவு இல்லை.

வீட்டில் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் ‘கைச்செலவு’ என்று ஒரு தொகை ஒதுக்குங்கள். அதில் மொத்தம் மட்டும்தான் பதிவாக வேண்டும். எதற்கு என்ற கேள்வி கூடாது. கணவரின் டீ, சிகரெட், பெட்ரோல் கணக்கில்லாமல் போக, மனைவி வாங்கிய ஒரு குர்தி மட்டும் விசாரணைக்கு வருகிற வீடுகளுக்காகவே இதைச் சொல்கிறேன்.

வெளிநாட்டுச் செயலிகள் எதிலும் இடமில்லாத செலவு ஒன்று நம் ஊரில் உண்டு: மொய். ‘பரிசு’ என்ற வகையில் போடலாமே என்பார்கள். பரிசு கொடுத்துவிட்டு யாரும் நோட்டில் எழுதி வைத்துப் பத்து வருஷம் கழித்துப் புரட்டிப் பார்ப்பதில்லை. புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், தஞ்சை மாவட்டம் பேராவூரணி வட்டாரங்களில் ஆடி மாதம் பந்தல் போட்டுக் கறி விருந்து வைத்து மொய் வாங்குகிறார்கள். அந்தப் பணத்தில் தொழில் தொடங்குகிறவர்களும் கடனை அடைக்கிறவர்களும் உண்டு. நமக்கு வந்த மொய்யைத் திருப்பிச் செய்வது கடன் அடைப்பது. புதிதாகச் செய்வது ஏறக்குறைய சேமிப்பு. வந்ததற்கு மேல் கௌரவத்துக்காகக் கூட்டி வைக்கிறோமே, அந்த ஆயிரம்தான் விருப்பச் செலவு. எனவே ‘சொந்தபந்தம்’ என்று தனி வகை தொடங்குங்கள். மொய், சீர், காதுகுத்து, போகவரப் பேருந்துச் செலவு எல்லாம் அதில் போகட்டும். முகூர்த்த மாதங்களில் எகிறும், மார்கழியில் படுத்துவிடும் என்பதால் வருஷத் தொகையைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதாமாதம் ஒதுக்குவதுதான் சரி. தீபாவளித் துணிக்கும் இதே கதைதான்.

இ.எம்.ஐ. விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாற்பதாயிரம் ரூபாய் போன் வாங்கிய முடிவு முழுக்க முழுக்க விருப்பம். அதைத் தவணையில் வாங்கியதும் செயலி ‘கடன்’ பகுதிக்குக் கொண்டுபோய் வீட்டுக் கடனுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிடும். அவசியச் செலவு ஏறிவிட்டதாக நமக்கும் தோன்றும். அந்தத் தவணையைக் கையால் மாற்றி, வாங்கியவரின் கைச்செலவிலேயே எழுதுங்கள்.

இந்த வாரத்துக்கு ஒரே வேலை. கடந்த மாத ‘இதர’ பகுதியைத் திறந்து, பெரிய தொகையிலிருந்து கீழ்நோக்கி ஒவ்வொன்றாக உரிய வகைக்கு மாற்றுங்கள். நூறு ரூபாய்க்குக் கீழே இருப்பதை அப்படியே விட்டுவிடலாம். வீட்டில் இருவரும் சேர்ந்து உட்கார்ந்தால் அரை மணி நேர வேலை. மாற்றிய பின் எந்த வகை உங்களைத் திடுக்கிட வைத்தது என்று எழுதி அனுப்புங்கள். அடுத்த வாரம் கிரெடிட் கார்டுக்குப் போவோம்.